மேடையேறிய சால்வை

கொழும்பு வெயிலில் கம்பளி நூலில் சால்வை பின்னுகிறவளுக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்று, வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். லிஃப்டில் கண்டால், உந்தச் சால்வையெல்லாம் ஆர் போடுறது அக்கா என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கேள்விக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. பின்னியதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போனது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கு ஒரு வெள்ளைச் சால்வை அனுப்பினேன். பிறகொரு நாள் வீடியோ கோலில் பார்த்தால், அது மைக்ரோவேவுக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு பீங்கான் மீன். எவ்வளவு வடிவாக் கிடக்கு பாருங்கோ என்று வேறு காட்டினாள். வடிவாம்! இனிப் பின்னுகிற ஒன்று எனக்கு என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

தங்கச்சி லண்டனிலிருந்து கொண்டு வந்த மெல்லிய நூல், கடும் சிவப்பு. லேஸ் பின்னல் முழுக்க முழுக்க ஓட்டைகளால் ஆன வேலை. ஒரு கண்ணி கை தவறினால் அந்த இலைக்கோலம் முழுவதும் கோணிவிடும். அவிழ்த்துத் திரும்பப் பின்ன வேண்டும். முடிந்த பிறகு நனைத்து, விரித்து, ஓரம் முழுவதும் குண்டூசி குத்தி இழுத்துக் காயவிட வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு இடம் கட்டிலில் மட்டும்தான் உண்டு. அதனால் என் கணவர் அன்றைக்கு சோபாவில் படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அந்தச் சால்வை எதுவென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புச் செயலாளர். வருடாந்த ஒன்றுகூடலுக்குப் பிடித்த மண்டபத்தில் ஏசியை மீன் கடை ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருந்தார்கள். மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்த, நான் என் சிவப்புச் சால்வையோடு மகாராணி மாதிரி முன் வரிசையில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு கூட்டத்தில் இருந்ததே இல்லை.

அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர் கொடுக்க ஆள் காணாதாம், நானும் வர வேண்டுமாம். சங்கத்தில் இத்தனை ஆம்பிளைகள், அவ்வளவு பேருக்கும் மேடையில்தான் வேலை. சால்வையில் தேத்தண்ணீர் சிந்திவிடும் என்று அதைக் கதிரையில் மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனேன். திரும்பி வந்தால் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

கையில் தேத்தண்ணீர்த் தட்டோடேயே குனிந்து கதிரைகளுக்குக் கீழெல்லாம் தேடினேன். பக்கத்தில் இருந்த பெண் பாவம் பார்த்து, நாடியை உயர்த்தி மேடையைக் காட்டினாள்.

"உங்கட அவர்தான் எடுத்துக்கொண்டு போனவர்."

நிமிர்ந்து பார்த்தேன். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஒரு டொக்டர், கழுத்தில் ரோசாப்பூ மாலையோடு நிற்கிறார். என் கணவர் என் சால்வையை உதறி, பொன்னாடை என்று அவர் தோளில் போர்த்துகிறார். சபை கைதட்டுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விருந்தினர் கூடிப்போனாராம், பொன்னாடை ஒன்று குறைந்துவிட்டதாம். வெளியே, காலிக்குப் போகிற பெருந்தெருவான காலி வீதியில் அடிக்கொரு புடவைக் கடை இருக்கிறது. ஒருவரை அனுப்பினால் படியிறங்கி ஏறுகிற நேரம். ஆனால் அவருக்குக் கண்ணில் பட்டது என் கதிரை.

பொன்னாடை படம் எடுக்கும் மட்டும்தானே தோளில் கிடக்கும். படம் எடுத்து முடிந்ததும் டொக்டர் மாலையையும் சால்வையையும் சேர்த்துக் கழற்றி மேசையில் போட்டார். மாலையில் சுற்றியிருந்த சரிகைக் கம்பி லேஸின் கண்களுக்குள் ஓடிச் சிக்கிக்கொண்டது. சங்கத்து ஆள் ஒருவர் அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். எனக்கு விசர் வந்தது. தட்டை முன் வரிசையில் யாருடைய மடியிலோ வைத்துவிட்டு மேடையில் ஏறினேன்.

"இழுக்காதேங்கோ" என்றேன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அங்கேயே ஒரு கதிரையில் இருந்துகொண்டு கம்பியை ஒவ்வொரு கண்ணாக விடுவிக்கத் தொடங்கினேன். நிகழ்ச்சி அப்படியே நின்றது. டொக்டர் நல்ல மனிதர்தான். நான் பின்னியதா என்று கேட்டார், வேலைப்பாட்டைப் புகழ்ந்தார், தன் மனைவிக்கு நன்றாகப் பிடிக்கும், அங்கே குளிர் என்றார். என் கணவர் முகமெல்லாம் சிரிப்போடு முன்னுக்கு வந்தார்.

"கொண்டு போங்கோ டொக்டர். இவ பொழுது போகாமல் செய்யிறவ. இன்னொண்டு பின்னுவா."

பொழுது போகாமல். சமையல், சந்தை, அவருடைய சங்கத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர், இவ்வளவுக்கும் நடுவில் நான் பிடுங்கி எடுத்த பொழுது அது. போகாமல் கிடந்த பொழுது இல்லை.

"இது குடுக்கிறதுக்கு இல்லை டொக்டர்" என்றேன். "இது என்ர."

சிரித்துக்கொண்டிருந்த கணவர், சங்கத்தின் ஆண்டு மலர் வெளியீட்டுக்கு நாடா வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இஞ்சாரும், ஆக்கள் பார்க்கினம். அந்தச் சால்வை நூலை வெட்டிவிட்டு இறங்கும்."

வாங்கினேன். வெட்டினேன், மாலையை. அதன் நாரையும் கம்பியையும் கண்ட இடத்தில் நறுக்க, ரோசாப்பூக்கள் மேடை முழுக்கக் கொட்டின. சிக்கிய கம்பித் துண்டுகளோடு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கினேன். மிச்சக் கூட்டம் முழுவதும் முன் வரிசையிலேயே இருந்தேன். தேத்தண்ணீரை வேறு யாரோ கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஓட்டோவில் அவர் வீதியைப் பார்த்தபடி, "ஒரு சால்வைக்காக என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றார்.

"ஓம். ஒரு சால்வைக்காகத்தான்."

வெளியே வெக்கை அவித்தது. கம்பளி கழுத்தில் ஒட்டி, முதுகால் வியர்வை வழிந்தது. வீடு போய்ச் சேரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.