அடி அறுத்த குடுக்கை

எண்பதுகளில், ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரின் இளைஞர் மன்றத்தோடு சேர்ந்து சுரைக்குடுக்கையில் மேளம் செய்துகொண்டிருந்தேன். காய்ந்த குடுக்கையின் அடியை அறுத்து, ஒடுகத்தூரிலிருந்து வாங்கிவந்த ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டுவோம். ஊரார் தங்கள் கூரையில் காய்ந்ததைக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்தது அப்படிப்பட்டதல்ல. கழுத்தில் கயிறு கட்டி, கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன தண்ணீர்க் குடுக்கை. உள்ளே ஈரம்கூடக் காயவில்லை. அவர் ஒல்லியான விவசாயி. பேசுவதற்கு முன் தோள்துண்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிப்பார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல பொருளைப் பாழாக்குவது எனக்குப் பிடிக்காது.

"புழங்குற குடுக்கையாச்சே, இதைப் போய் அறுக்கச் சொல்றீங்களே?" என்றேன்.

துண்டின் நுனி சுருண்டது.

"எம் பொண்ணோடது தம்பி. சாமைக் கொல்லைக்குத் தண்ணி எடுத்துட்டுப் போவா. காய்ச்சல்ல போய்ட்டா. அவ அம்மா இன்னும் தெனம் காலையில இதுல தண்ணி ரொப்பி வாசப்படியில வெக்கிறா. நான் இன்னா பண்றது? அடிய அறுத்துடுங்க. இதுல தண்ணி நிக்கக் கூடாது."

அறுத்தோம். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஊர்த் திருவிழாவன்று மேளத்தைப் பார்க்க வந்தார். ஒற்றை விரலால் மெல்லத் தட்டிவிட்டு, தோலின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கினார்.

"வூட்ல இப்ப எப்படிங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இப்ப சொம்புல வெக்கிறா தம்பி," என்றார். "ஊத்துல போய் மொண்டுகினு வர்றது நான்தான்."