அடைப்புக்குறிக்குள் இருபத்தாறு நாள்

சந்திரகாந்தா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்பியூட்டர் கிளாக்கர். தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஏ.எல். பரீட்சை வரை படித்து அந்த மேசையைப் பிடித்தவள். வாய் கொஞ்சம் நீளம். 2007இல், யுத்தம் நடந்த காலத்தில், ஒரு நாள் அந்த வாயும் அவளுக்கு உதவவில்லை.

அன்று காலை பஸ்ஸில் போன அவள் புருஷன் மாணிக்கவாசகத்தையும், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாப்பம்மாவின் மகன் கணபதியையும் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனார்கள். போன மாதம் எங்கேயோ குண்டு வெடித்ததாம். அந்த மாதம் இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை செய்ததற்கு நான்கு மணிக்குள் அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் கொழும்புக்கு வேன் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இருவரின் வேலை நாட்களையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு சந்திரகாந்தாவும் பாப்பம்மாவும் பொலிசுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அதைத் தள்ளிவிட்டார். "இதை யாரும் எழுதலாம். கம்பியூட்டர் தாள் கொண்டு வா" என்றார் சிங்களத்தில். பாப்பம்மாவை அங்கேயே விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினாள் சந்திரகாந்தா.

வருகைப் பதிவு கம்பியூட்டரில் வெறும் எழுத்தாகத்தான் இருந்தது. பழைய பிரிண்டர் அதைக் கடகடவென்று அடித்துத் தள்ளும். அது செத்தபின் கொழும்பிலிருந்து பெரிய மனதோடு அனுப்பிய புது மெஷினுக்கோ வெறும் எழுத்து ஆகாது. தாளில் எது எங்கே விழவேண்டும் என்று அதன் பாஷையில் கட்டளை எழுதித் தரவேண்டும். ஏழு தரம் அனுப்பினாள். ஏழு தரமும் பச்சை விளக்கு சிமிட்டி அணைந்தது.

"நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், இது கண்ணடிக்குதே சனியன்!"

"கொழும்புக்குப் போன் போட்டேம்மா. ஆளு நாளைக்குத்தான் வருவாராம்" என்றார் பெரிய கிளாக்கர் நடராஜா.

மெஷினோடு வந்த சோதனைக் கோப்பு மட்டும் அழகாக அச்சாகும். அதைத் திறந்தாள். புரியாத கட்டளைகளுக்கு நடுவே, தாளில் வரும் வார்த்தைகள் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தன. அவற்றை அழித்துப் புருஷன் பெயரைப் போட்டாள். தாளில் வந்தது. வாய்விட்டு அழுதாள். பிறகு அந்த மாதம் அவன் வேலை செய்த இருபத்தாறு நாளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள், ஒவ்வொரு வரிக்கும் இடத்துக்கான எண்ணைப் போட்டு.

மூன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். "இது சரி" என்றார். மாணிக்கவாசகம் வெளியே வந்தான்.

பாப்பம்மா அவள் கையைப் பிடித்தாள். "எம் மகனுக்கும் ஒன்னு அடிச்சியா தாயி?"

கணபதி கைக்காசுக்கு வேலை செய்பவன். அவன் நாட்கள் கணக்கப்பிள்ளையின் கொப்பியில் மட்டுமே உண்டு.

"அவன் பேரு கம்பியூட்டர்ல இல்ல பெரியம்மா..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. புருஷனின் தாளையும் கம்பியூட்டர் தரவில்லையே, ஒரு வரி விடாமல் அவள்தானே தட்டினாள்! அங்கேயே கணபதிக்கும் தட்டியிருந்தால் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். அப்போது அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. இனி ஆபீசுக்கு ஓடித் திரும்ப நேரமில்லை.

நான்கு மணிக்கு வேன் புறப்பட்டது. கணக்கப்பிள்ளை எழுதிய உண்மையான தாளை நீட்டிக்கொண்டு பாப்பம்மா அதன் பின்னால் ஓடினாள்.