குரல் போன பிறகும் வரலாறு எடுத்த ஜெசிந்தா டீச்சர்

ஜெசிந்தா டீச்சர் போய்விட்டார்.

நேற்று மதியம் சாப்பாட்டு பெல் அடித்த பிறகுதான் போனை எடுத்தேன். ஆசிரியர்கள் குரூப்பில் அவர் போட்டோ... கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இன்று எலவனாசூர்கோட்டையில் அடக்கம். போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அவர் வரலாறு, புவியியல். நான் கணக்கும் அறிவியலும். வெள்ளிமலையில் ஒரே ரூமில் வாடகைக்கு இருந்தோம். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலை ஏறுவோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவோம்.

என்னைவிட ரொம்ப மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே எலவனாசூர்கோட்டையில் அண்ணன் வீடுதான் அவர் வீடு.

மழை வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். ஏழாம் வகுப்பு மொத்தத்தையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஓட்டுக்கூரையைக் காட்டுவார். "இந்தப் பக்கம் வுழற தண்ணி ஓடையா எறங்கி கோமுகி டேமுக்குப் போவுது. அந்தப் பக்கம் வுழறது வேற ஓடை, வேற ஆறு. நடுவுல ஒசரமா இருக்குது பாரு மோடு, அதான் நம்ம மலை."

ஒரு பையன் கேட்டான், "அப்ப மோட்டு மேல குந்திகினு இருக்குற காக்கா எந்த ஆத்தச் சேந்தது டீச்சர்?"

டீச்சர் சிரித்த சிரிப்பு... நான் பக்கத்து வகுப்பில் கணக்கை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தேன்.

அப்புறம்தான் தொண்டையில் கட்டி. கள்ளக்குறிச்சியில் பார்த்து, புதுச்சேரிக்கு அனுப்பி, ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"லீவ எக்ஸ்டெண்ட் பண்ணிக்குங்க டீச்சர். இல்லன்னா கீழ ஆபீஸ் வேலையா கேட்டு வாங்கிக்கலாம்" என்றார் ஹெச்.எம்.

டீச்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று அந்த வகுப்பில் இருந்து சத்தமே இல்லை. எனக்கு பயமாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வெள்ளைக்காரக் கம்பெனி வியாபாரம் செய்ய வந்த பாடம். போர்டில் இரண்டே வரி. டீச்சர் நாற்காலியில் ஒரு பெண் முகலாய ராஜாவாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பையன் கைகட்டி நின்றான், அவன்தான் கம்பெனி.

"இன்னா வோணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வாணாம் ராஜா. ஒரே ஒரு குடோன் கட்டிக்கிறோம். அவ்ளோதான்."

இரண்டு பேரும் ரகசியம் மாதிரி, காற்றிலேயே பேசினார்கள். கேள்வி கேட்ட பிள்ளைகளும் அப்படியே. டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று, கையாலேயே அடுத்தவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் அந்த ராஜாப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "நீங்க ஏண்டி மெதுவா பேசறீங்க?"

"டீச்சர் மட்டும் அப்பிடிப் பேசுனா அவங்களுக்கு ஒரு மாரியா இருக்கும் இல்ல மிஸ்."

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

வகுப்பில்தான் இப்படி. வெளியே வந்தால் நிலைமை வேறு. பஸ்ஸில் கண்டக்டர் "இன்னாம்மா, எங்க போவணும்? சத்தமா சொல்லு" என்பார். கடையில் ஒரு சோப்பு வாங்க இரண்டு முறை, மூன்று முறை... பிறகு கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். நான்தான் வாங்கி வருவேன்.

சாயங்காலமானால் பனி இறங்கிவிடும். ரூமில் இரண்டு பேர். டீ போட்டால் டம்ளரில் கரண்டியால் தட்டுவார், அதுதான் கூப்பிடுவது. நான் பேசுவேன், அவர் கேட்பார். போகப் போக நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் காதோரம் காற்றாகவே சொன்னார்.

"எங்க அண்ணன் ஹலோ ஹலோன்னுட்டு வச்சிட்றாரு மாலதி. நான்தான் பேசறேன்னு அவருக்குத் தெரியுது. ஆனா கேக்கலயாம்..."

அவரே எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

எனக்கு டிரான்ஸ்பர் கிடைத்தது, நைனார்பாளையம் பக்கம். அவர் ரிட்டயர் ஆகும்வரை மலையிலேயே இருந்தார், அதே ரூமில் தனியாக. அப்புறம் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாட்ஸப்பில் எப்போதாவது "சாப்டியா?" என்று வரும். கட்டி மறுபடி வந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கம்மி. சொந்தக்காரர்கள், சர்ச் ஆட்கள் கொஞ்சம் பேர். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அவர் அண்ணன் கிட்டே வந்தார். "நீங்க யாருங்க?"

"மலையில ஒண்ணா வேல செஞ்சோம்ங்க. ஒரே ரூம்ல இருந்தோம்."

அவர் சொன்னார், "கட்டி வந்ததுல இருந்து தங்கச்சி பேசறதே இல்லீங்க. அதுக்கு முன்னாடி எப்பிடிப் பேசுங்கறதே எனக்கு மறந்துபூச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்குங்க" என்றேன். அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. இப்போது இருக்கும் ஸ்கூலிலும் யாருக்கும் தெரியாது. அவரைப் பற்றிப் பேச ஒருத்தரும் இல்லை... அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போய் வாங்க டீச்சர்.