பின்கட்டு அறையும் மாவடு ஜாடியும்

எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் போனால் முதலில் எழும் கேள்வி, "இன்னிக்கு யார் சமையல்?" என்பதுதான். என் அம்மா செத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றால் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் கேள்வியால்தான் என்று நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. இந்த அத்தை இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். மடி, ஆசாரம் எல்லாம் அவள் இலாகா. மாதவிடாய் வந்தவள் மூன்று நாள், பின்கட்டில் கிணற்றை ஒட்டிய சின்ன அறையில் உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய், யாரையும் தொடக்கூடாது. இதற்குத் தூரம் என்று பெயர். ஆழ்வார்பேட்டையில் டைப்பிஸ்டாக இருந்த எனக்கு மட்டும் பகலில் விடுதலை. பஸ்ஸில் நான் யார்மேல் இடித்தாலும் அத்தைக்குக் கவலையில்லை. என் சம்பளத்துக்குத் தீட்டு கிடையாது.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கோடையில் அது திரும்ப வந்தது. "மறுபடியுமா?" என்றார் அப்பா, பஸ்ஸைத் தவறவிட்டவர் குரலில். அம்மா பின்கட்டுக்குப் போனாள். தலைக்குக் குளித்து அடுப்படிக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி வந்தது. பிறகு இன்னொரு தடவை. அத்தைக்கு வந்ததே கோபம். அவள் சமைத்தால் புளி தூக்கலாக இருக்கும், அப்பா முகம் சுளிப்பார், அந்தச் சுளிப்பு சுற்றிக்கொண்டு வந்து அம்மா தலையில் விடியும்.

"உன் ஆம்படையாளுக்கு இளமை திரும்பிடுத்துடா" என்றாள் அத்தை, நான் இருப்பது தெரிந்தே. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்புறம் நாற்றம் ஆரம்பித்தது. பூ ஜாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீர் மாதிரி ஒரு வாடை. அம்மா விடிவதற்குள் எழுந்து, யாரும் பார்க்குமுன் துணிகளைக் கசக்கிக் காயப்போட்டுவிடுவாள். அத்தை பின்கட்டு வாசலில் சாம்பிராணி போட்டாள். ஒருத்திக்கு மாதம் பூராவும் ரத்தம் போகிறது, ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. இட்லிக்கு யார் அரைப்பது என்று மட்டும் கேட்டார்கள்.

புடவை எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, அம்மாவைத் தி. நகரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரின் முகமே மாறியிருந்தது. கொஞ்சம் சதை கிள்ளி எடுத்திருக்கிறேன், சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"தூரம்னு நெனைச்சு உட்கார வெச்சுட்டோம், டாக்டர்" என்றேன்.

"நின்னப்புறம் வந்தா அது தூரம் இல்லைம்மா. ஒரு சொட்டு பட்டாலும் அன்னிக்கே காட்டணும்." ஒரு தொந்தரவும் இல்லாதபோதே கர்ப்பப்பை வாயில் லேசாகத் தடவி, கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்தால், புற்றாவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்றும் சொன்னார். சோதனை முடிவு வந்தபோது, அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது தெரிந்தது. ஆனாலும் குணமாக வாய்ப்பு இருக்கிறது, உடனே அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

அடையாற்று ஆஸ்பத்திரியில் முதலில் கோபால்ட் மெஷினில் கதிர் கொடுத்தார்கள். பிறகு ரேடியத்தை உள்ளேயே வைத்து, தனி அறையில் படுக்க வைத்தார்கள். நான் வாசலைத் தாண்டப் போனபோது ஆயா கையை நீட்டி மறித்தாள்.

"உள்ள போவாத கண்ணு, ரேடியம் வச்சிக்கீது. இங்கியே நின்னு பேசு."

அம்மா படுத்தபடியே கழுத்தை மட்டும் திருப்பினாள். "எனக்கு இது பழக்கம்தானேடி. இங்க ஃபேன் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அங்கே அவளை ஒதுக்கி வைத்தது குணப்படுத்த. அந்த நர்ஸுகள் வாசலில் நின்றாவது சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று விசாரித்தார்கள்.

ரத்தம் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது, திரும்ப ஒரு துளி பட்டாலும் தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடமே அழுத்திச் சொன்னார். வீட்டில் அத்தை கேட்டது, "இனிமே வராதோன்னோ?" வராது என்றேன். "அப்பாடா" என்று அடுப்படியை அம்மாவிடம் ஒப்படைத்தாள்.

அம்மாவுக்கு அது பெரிய சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. எந்நேரமும் சமையலறையிலேயே இருந்தாள். மாசி மாதம் சின்னச் சின்ன மாவடுவாகப் பொறுக்கி வாங்கி, விளக்கெண்ணெய் தடவி, உப்பும் கடுகுப்பொடியும் போட்டு ஒரு பெரிய ஜாடி நிறைய ஊறவைத்தாள். தினமும் அதைக் குலுக்கிவிடுவாள்.

பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று வீடு முழுக்க விருந்தாளிகள். பந்தி முடிந்து எல்லோரும் சுவாமி பார்க்க மாட வீதிக்குப் போன பிறகு, அம்மா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட்டேன். புடவையின் பின்புறம் நனைந்திருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"தை பொறந்ததுலேர்ந்து."

"ஏன் சொல்லலை? டாக்டர் அத்தனை தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா அந்த ரூம்ல உக்காத்தி வெச்சுடுவாடி. ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தானே போவோம். மொதல்ல அங்கதானே போகணும்?"

அத்தை சுவாமி பார்க்கப் போகவில்லை. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கை இப்போதும் பார்க்க முடிகிறது. ஏதோ மிதித்துவிட்டவள் மாதிரி ஒரு சுளிப்பு.

"தை மாசத்துலேர்ந்தா? அப்போ இத்தனை நாள் நைவேத்தியம் பண்ணினது? இன்னிக்கு இத்தனை பேர் சாப்ட்டுட்டுப் போனது?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அம்மா தானாகவே எழுந்து, சுவரைத் தொடாமல், பின்கட்டு அறைக்கு நடந்தாள். அதற்குள் அத்தை அடுப்படியில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டிக் கழுவத் தொடங்கிவிட்டாள். உற்சவம் பார்த்துத் திரும்பிய அப்பா விஷயத்தைக் கேட்டார். "காலம்பற பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஈரத்தில் வழுக்காமல் ஓரமாக நடந்து கூடத்துக்குப் போனார்.

கடைசியில் அத்தை மாவடு ஜாடியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனாள். நான் குறுக்கே நின்று பிடுங்கிக்கொண்டேன். "தொடாதே, தீட்டு" என்றாள். "உங்களைத் தொடத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு" என்றேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாதுதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் அடையாற்றில் டாக்டர் கையை விரித்துவிட்டார். இடுப்பெலும்புவரை பரவியிருந்தது. தையிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி, "தெரியும்" என்றாள்.

அதற்குப்பின் என் படுக்கையையும் பின்கட்டு அறைக்கே கொண்டுபோனேன். ஒரே பாயில் அவளை ஒட்டிப் படுத்தேன். வலி குறைவாக இருக்கும் நாட்களில் மோர் சாதம் பிசைந்து ஊட்டி, ஆளுக்கொரு மாவடு கடித்துக்கொள்வோம். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஐப்பசியில் போனாள். காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நான்தான் பரிமாறினேன். மோர் ஊற்றிப் பிசைந்தவர் கையை நிறுத்தி, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ போட்ட மாவடு ஏதாவது மிச்சம் இருக்கா?"

ஜாடியில் பாதிக்கு மேல் இருந்தது.

"அது தீட்டுப்பா" என்றேன்.

அவர் மோர் சாதத்தை வெறுமனே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.