வீடு பூட்டியிருந்ததாம்

மின்சாரக் கம்பெனி அலுவலகத்துக்குள் பிசைந்த மாவோடு நுழைந்த முதல் ஆள் எங்கள் மேட்டுத் தெரு ஓட்டிலியா அக்காதான். இடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதன் மேல் வெள்ளைத் துணி, அதற்கும் மேல் கம்பளிப் போர்வை. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் புருஷன் அவுதிலியோ. பின்னால் மாத்தே என்கிற இலைக் கஷாயம் குடிக்கிற சுரைக்குடுக்கையும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக நான், ஷேர் டாக்ஸி ஓட்டுகிற ரொசமேல். ஊரில் இப்போது இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் வயிறு எரிகிறது.

ஓட்டிலியா ஒரு பெரிய ஏரியின் அக்கரையில் ஓர் ஆட்டுப்பண்ணையில் பிறந்தவள். கல்யாணமான கையோடு அவுதிலியோவுடன் இங்கே வந்து மேட்டில் ஒரு தகரக் கூரை வீட்டைப் போட்டுக்கொண்டாள். அவன் காட்டில் மரம் வெட்டினான், இவள் ரொட்டி சுட்டாள். எங்கள் பக்கம் வாசலில் ஒரு கம்பை நட்டு வெள்ளைத் துணியைக் கொடியாகக் கட்டிவிட்டால் போதும், ரொட்டி சூடாக இருக்கிறது, உள்ளே வா என்று அர்த்தம். பெயர்ப்பலகையெல்லாம் கிடையாது. அந்தத் துணியை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து கொடுத்தாள். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு தடவை ரொட்டி சின்னதாக இருக்கிறது என்று சொன்ன ஒருத்தனிடம், "ரொட்டி சரியாத்தான் இருக்கு, உன் வாய்தான் பெருசு" என்று சொல்லி அனுப்பினாள். அவன் மறுநாளும் வந்து வாங்கினான்.

அவள் சமையலறையில் நாலு கால் வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்று இருந்தது. ரொட்டி வேகும், கெண்டி கொதிக்கும், மேலே கட்டிய கயிற்றில் சாக்ஸ் காயும், வீடு முழுக்கக் கதகதப்பாக இருக்கும். குளிர்காலம் முழுக்க அது அணைந்ததே இல்லை. ரொட்டி வாங்கப் போனவர்கள் அந்த அடுப்போரம் உட்கார்ந்து ஒரு சுற்று மாத்தே குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

பிறகு அவுதிலியோவின் நுரையீரல் கெட்டது. ஊரே விறகு எரித்தால் பள்ளத்தாக்கில் புகை தேங்கத்தானே செய்யும், எங்களுக்கு ஜூலைதான் நடுக்குளிர், அப்போது எதிர்வீடு தெரியாது. டாக்டர் புகை ஆகாது என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தது. பழைய விறகடுப்பைக் கொடுத்தால் புகையில்லாத புது அடுப்பு தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பழையதை இனி யாரும் எரிக்க முடியாதபடி கண்ணெதிரே உடைத்துவிடுவார்கள்.

"உடைக்கிறதுக்கு அது என்னப்பா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டாள் ஓட்டிலியா.

"விதிம்மா" என்றான் வந்தவன்.

முற்றத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். கடைசி அடிவரை அவள் அங்கேயே நின்றாள். அப்புறம் துடைப்பத்தை எடுத்து வந்து இரும்புத் துணுக்கையெல்லாம் பெருக்கி அள்ளினாள். 

பொய் சொல்லக்கூடாது, முதல் குளிர்காலம் நன்றாகவே போனது. புது அடுப்பு அமுக்கிய மரத்தூள் குச்சிகளைத் தின்னும். கண்ணாடிக் கதவு, உள்ளே மின்விசிறி, கையில் ரிமோட். அவுதிலியோவுக்கு இருமல் குறைந்தது. ரொட்டியை மட்டும் சிலிண்டர் அடுப்பில் சுட வேண்டியிருந்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "விறகு பிளக்கிற கையில பட்டனு. எப்படி மாப்ளே இருக்கு?" என்று நான் கேலி செய்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் குச்சி கடைகளிலிருந்து காணாமல் போனது. எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிடைத்த இடத்தில் விலை இரட்டிப்பு. கண்ணாடி அடுப்பு பசியோடு மூலையில் நின்றது. உடைத்த அடுப்பை யாராலும் ஒட்டவைக்க முடியாது. வேறு வழியில்லாமல் ஓட்டிலியா பிளக்கில் செருகுகிற ஹீட்டர் ஒன்றை வாங்கினாள்.

மே மாதம் கரன்ட் பில் கம்மியாக வந்தது. ஜூனில் அதைவிடக் கம்மி. "பாத்தியாடா, நான் எவ்ளோ சிக்கனம்னு" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாள். ஜூலை பில்லைப் பார்த்ததும் வேறு யாருடையதோ தவறி வந்துவிட்டது என்று அடுத்த வீட்டில் கொடுக்கப் போய்விட்டாள். அவர்கள்தான் பெயரைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சுடுகிற ரொட்டியை அந்த ஒரு காகிதம் கேட்டது. கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று தேதி போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: மூன்று மாதமாக ரீடிங் எடுக்க இயலவில்லை, வீடு பூட்டியிருந்தது, தோராயக் கணக்கு.

தோராயக் கணக்கு! முதல் இரண்டு மாதம் குறைவாகக் குத்துமதிப்பு போட்டார்கள். மூன்றாவது மாதம் யாருக்கோ சந்தேகம் வந்து, விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே போடாகப் போட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு குளிர் என்று தலைநகரம் சந்தியாகோவில் உட்கார்ந்து ஒருத்தன் ஊகிக்கிறான். அந்த ஊகத்துக்கு நாங்கள் காசு கட்டவேண்டும்.

ஆனால் ஓட்டிலியாவைக் கொதிக்கவைத்தது தொகை இல்லை, அந்த ஒரு வார்த்தைதான். "பூட்டியிருந்துச்சா? என் வீடா? கல்யாணமான நாள்லேர்ந்து பகல்ல ஒரு நாளாவது என் வீடு பூட்டிக் கெடந்திருக்காடா ரொசமேல்?"

"இல்லக்கா."

"கொடி கட்டின வீட்டை எவன்டா பூட்டுவான்?"

பயத்தில் ஹீட்டரை நிறுத்தினார்கள். அவுதிலியோ தலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு கட்டிலில் சுருண்டான். வீடு குளிர்ந்ததும் மாவு பொங்க மறுத்தது. காலையில் பிசைந்து வைத்த மாவு மத்தியானம் வரை வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அப்படியே சுட்டதில் ரொட்டி செங்கல்லாக வந்தது. நாய்க்குப் போட்டாள், நாய் ரொம்ப நேரம் யோசித்தது. இரண்டு நாள் கொடி ஏறவில்லை. கரன்ட்டுக்குப் பயந்தால் மாவு பொங்காது, மாவு பொங்காவிட்டால் ரொட்டி இல்லை, ரொட்டி இல்லாவிட்டால் கரன்ட்டுக்கு எதைக் கட்டுவது?

மூன்றாம் நாள் காலையில், இன்றைக்கு எப்படியும் ரொட்டி சுட்டே தீருவேன் என்று கொடியை ஏற்றிவிட்டு, மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். "கெளம்பு. அந்த ஆபீஸ்ல நல்லா அனல் அடிக்குதாம். நம்ம காசுதானே, நம்ம மாவும் கொஞ்சம் பொங்கட்டும். இவரும் கொஞ்சம் சூடாகட்டும்."

"என்னையும் மாவையும் ஒண்ணா சேத்துட்டா பாரு" என்றான் அவுதிலியோ.

அலுவலகத்தில் நிஜமாகவே அனல் அடித்தது. பெண்கள் கையில்லாத ரவிக்கையோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சுவரோரம் இருந்த சூடேற்றியின் மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு, டோக்கன் எடுத்துக்கொண்டு, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். காவலாளி ஓடி வந்தான்.

"இங்க சாப்பாட்டுப் பொருள் கொண்டுவரக் கூடாதும்மா."

"சாப்பாடா? பச்சை மாவைத் தின்பியா நீ? இது இன்னும் சாப்பாடு ஆகல. ஆகவிடாம பண்ணதே உங்க கம்பெனிதான்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் எங்கள் மேட்டுக்காரர்கள், கையில் இதே மாதிரி பில். மாத்தே ஒரு சுற்று போனது. அவளுடைய எண் வருவதற்குள் வெள்ளைத் துணி மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தது. அவள் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "பாவம், குளிருதான் இதுக்கு நோவு" என்று மாவைத் தட்டிக்கொடுத்தாள்.

கவுன்டரில் இருந்தவள் யாஸ்னா, கீழ்த்தெருப் பெண். அவள் வீட்டுக்கும் ஓட்டிலியாவின் ரொட்டிதான் போகும்.

"ஓட்டிலியாம்மா, மூணு தடவை ஆள் வந்திருக்காங்க. வீடு பூட்டியிருந்ததுன்னு பதிவாகியிருக்கு."

"யாரு சொன்னா?"

"போட்டோவே இருக்கும்மா."

"காட்டு."

யாஸ்னா திரையைத் திருப்பினாள். மேட்டின் பனிக்கட்டியில் ஏறாமல் கீழே தெருக்கோடியிலேயே நின்றுகொண்டு, கையைத் தூக்கி எடுத்த படம். தூரத்தில் ஓட்டிலியாவின் வீடு விரல்நகம் அளவுக்குத் தெரிந்தது. வாசலில் கம்பு. கம்பில் வெள்ளைத் துணி விறைத்துப் பறந்துகொண்டிருந்தது.

நான் முதலில் பார்த்தேனா அவள் பார்த்தாளா தெரியாது. பின்னால் எட்டிப் பார்த்த ஒரு கிழவர்தான் கத்தினார். "அடேய், கொடி பறக்குதுடா!"

கூடம் முழுக்க எழுந்துவிட்டது. ஆளாளுக்குத் திரையைப் பார்க்க முண்டினார்கள். அடுத்த மாதப் படத்தைப் போடச் சொன்னார்கள். அதிலும் கொடி. அதற்கடுத்ததிலும் கொடி. ரொட்டி சூடாக இருக்கிறது, உள்ளே வா என்று வீடே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்து, அதன் அடியில் பூட்டியிருந்தது என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாதம், மூன்று தடவை!

"ஏன் கண்ணு, இதுக்கு அர்த்தம் உனக்குத் தெரியாதா?" என்று ஓட்டிலியா கேட்டாள். சத்தம் போடவில்லை.

யாஸ்னாவின் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துல அதை எழுத எடமில்ல. புகார் பதிஞ்சுடறேன், சந்தியாகோ போய் வர மூணு வாரம் ஆகும்."

"சரி, அதுவரைக்கும்?"

யாஸ்னா விசைப்பலகையைத் தட்டினாள், நிறுத்தினாள். "அம்மா... துண்டிக்கிற லிஸ்ட்ல இன்னிக்கே உங்க வீடு இருக்கு. வண்டி காலையிலேயே கெளம்பிடுச்சு."

பாத்திரத்தை அள்ளிக்கொண்டு ஓடினோம். அந்தப் பனிக்கட்டி மேட்டில் என் வண்டி எப்படி ஏறியது என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனி வண்டி ஏற்கெனவே அவள் வாசலில் நின்றது. சக்கரத்தில் சங்கிலி சுற்றியிருந்தது. ஒருத்தன் ஏணியைக் கம்பத்தில் சாத்திக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? மூன்று மாதமாக மீட்டரைப் படிக்க ஏற முடியாத மேடு! வயரைப் பிடுங்க மட்டும் ஏற முடிகிறது!

ஓட்டிலியா பாத்திரத்தோடு ஏணியடியில் போய் நின்றாள். "ஏம்பா, எப்படி ஏறி வந்த?"

"சங்கிலி போட்டும்மா."

"ரீடிங் எடுக்கறவனுக்குச் சங்கிலி குடுக்க மாட்டாங்களா?"

"அது வேற கான்ட்ராக்ட்காரன்மா. எனக்குத் தெரியாது. நான் அவங்க சொன்ன வேலையைச் செய்யறவன்."

"செய். உன்னை நான் தடுக்கல. வெட்டறதுக்கு முன்னால ஒரே ஒரு வேலை பண்ணு. அந்த மீட்டரை எட்டிப் பாத்துப் படி. தெருவுக்கே கேக்கறமாதிரி படி."

அதற்குள் பத்திருபது பேர் வெளியே வந்துவிட்டார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். ஏணியை விட்டு இறங்கி, மீட்டர் பெட்டியின் மேல் படிந்த பனியைக் கையுறையால் துடைத்துப் படித்தான். ஓட்டிலியா பில்லை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"என்னப்பா?"

"இந்த பில்லுல இருக்கிற எண்ணை மீட்டர் இன்னும் தொடவே இல்லம்மா."

அதாவது, அவள் இன்னும் எரிக்காத கரன்ட்டுக்குப் பில். அதைக் கட்டவில்லை என்று துண்டிப்பு. அந்தப் பயத்தில்தான் அவுதிலியோ குல்லாயோடு கட்டிலில் கிடந்தான்.

அவன் போனை எடுத்து யாரிடமோ பேசினான், வாதாடினான், "நீங்களே வந்து பாருங்க சார்" என்று ஒரு தடவை கத்தினான். பிறகு மீட்டரைப் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினான்.

"கொடியும் தெரியறமாதிரி எடு" என்றாள் ஓட்டிலியா.

எடுத்தான். ஏணியை மடக்கி வண்டியில் ஏற்றினான். போகும்போது தயங்கி, "ரொட்டி இருக்காம்மா?" என்றான்.

"மாவு உங்க ஆபீஸ்லதான் பொங்கியிருக்கு. சுட்டு வைக்கிறேன், அப்பறமா வா. காசு குடுத்து வாங்கு."

தெருவே சிரித்தது. அவன் சாயந்திரம் வந்து காசு கொடுத்துத்தான் வாங்கிப் போனான்.

பில்லைத் திருத்தி அனுப்பினார்கள். மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. ஆகஸ்ட் பில் இறங்கியது, செப்டம்பரில் மறுபடி ஏறியது, ஏன் என்று கேட்டால் கட்டண மாற்றம் என்றார்கள். இரும்பு அடுப்பை யாரும் திருப்பித் தரவில்லை. மரத்தூள் குச்சி வந்தால் வீடு சூடு, வராவிட்டால் குல்லாய்.

ஒரு நாள் சாயங்காலம் சவாரி முடித்து வரும்போது கொடி பறப்பதைப் பார்த்து ரொட்டிக்குப் போனேன். ஓட்டிலியா போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஹீட்டர் அணைந்து கிடந்தது. உள்ளே அவுதிலியோ இருமினான்.

"ரொட்டி காலையிலேயே தீந்துபோச்சுடா."

"அப்பறம் ஏன்க்கா கொடியை எறக்கல?"

"இனிமே எறக்கறதா இல்ல" என்றாள். "வீடு தெறந்துதான் இருக்கு, உள்ள ஆளுங்க வெறைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு படம் புடிக்கிறவன் பாக்கட்டும்."