அம்மா நடப்பதற்கு ஓர் இடம்

என் அம்மா தினமும் சாயங்காலம் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நடப்பாள். யாரையும் அனுப்பி வைக்க அல்ல, அழைத்து வரவும் அல்ல. சர்க்கரை இருக்கிறது, நாள் தவறாமல் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் அவளுக்கு நடக்க வேறு இடம் இல்லை.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தெருவில் நடந்தால் என்ன என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பொம்பளை கையை வீசிக்கொண்டு சும்மா நடந்துவிட முடியாது. நாலு வீடு தாண்டுவதற்குள் "என்ன மதினி, எங்க போறிய?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. அந்தக் கேள்விக்குக் கடைக்கு, கோயிலுக்கு, டெய்லரிடம் என்று ஏதாவது ஒரு பதில் இருக்க வேண்டும். "சும்மா நடக்குதேன்" என்று சொன்னால் என்னவோ மறைக்கிறாள் என்று அர்த்தம். ஆகவே அம்மா முதல் பத்து நாள் கையில் ஒரு வெறும் பையை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். போகும்போது வெறும் பை சரி, வரும்போதும் வெறும் பையா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அதிலிருந்து தினம் கால் கிலோ வெங்காயமாவது வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினாளாம். வீட்டில் வெங்காயம் மலையாகக் குவிந்த பிறகுதான் ஸ்டேஷன் அவள் ஞாபகத்துக்கு வந்தது. பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வண்டி இன்னும் வரவில்லை போல என்று விட்டுவிடுவார்கள்.

நான் அப்போது சென்னையில் இருந்தேன். தொண்ணூறுகள் முடிகிற சமயம். ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்து முடித்துவிட்டு, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேனேஜர். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். மகள் என்ன படிக்கிறாள் என்று அங்கே யாராவது கேட்டால் "இஞ்சினியர் மாதிரி" என்று சொல்லி அப்பா தப்பித்துக்கொள்வார். கடம்பூர்ச் சித்தப்பா அப்படியெல்லாம் விடுகிற ஆளில்லை. லீவில் நான் வந்திருப்பது தெரிந்து, கையில் போளிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏட்டி, கட்டடம் கட்டுத படிப்பு படிச்சிட்டு இப்ப செடி நடுத படிப்பா? அதுக்கு ஒரு காலேஜு, அதுக்கு ஒரு பரீட்சை! குழி தோண்டச் சொல்லித்தான் மார்க்கு போடுவாவளோ?"

நான் போளியைத் தின்றுகொண்டே ரோஷத்தோடு விளக்கினேன். கட்டடத்துக்கு வெளியே இருக்கிற எல்லாமே எங்கள் படிப்பில் வரும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், நிழல் எங்கே விழும், ஆட்கள் எந்த வழியாக நடப்பார்கள், எங்கே நிற்பார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வரைய வேண்டும் என்றேன். அவர் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அதும்பாட்டுக்குத்தான நடக்குது, நீ எதுக்குட்டி நடுவுல?" என்றார். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன். போளி மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

உண்மையில் அந்தக் கோபம் அவர் மேல் இல்லை. வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு அவமானம் நடந்திருந்தது. அவரவர் ஊரின் நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார்கள். ஊட்டிப் பையன் மலைச்சரிவையும் தேயிலையையும் தாளுக்கு வெளியே வழிகிற அளவுக்கு வரைந்திருந்தான். நாகர்கோவில் பெண்ணின் படத்தில் குளம், வாய்க்கால், தென்னந்தோப்பு, கடைசியில் கடல்கூட இருந்தது. நான் ஸ்கேலை வைத்து இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டேன். அதன் மேல் இரண்டு உடைமரம், ஒரு பனை. ஆசிரியை தாளைத் திருப்பிப் பார்த்தார், மீதி பின்பக்கம் இருக்கிறதோ என்று. "மீதி எங்கே?" என்றார். "இவ்வளவுதான் மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஹாஸ்டலில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் அந்தக் கோட்டுக்குத்தான் நான் ஏங்கினேன். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், அதில் ஒரு ஏசி பெட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்தடியில் கண் முட்டி நின்றது. எட்டயபுரம் ரோட்டில் பஸ் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் கரிசல் காடு போய்க்கொண்டே இருக்கும், வானம் வந்து தொடுகிற வரைக்கும் மறிப்பதற்கு ஒன்றும் இருக்காது. புரட்டாசியில் உழுது போட்ட கறுப்பு, பிறகு பருத்தியும் கம்பும் முளைத்த பச்சை, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஏழு வயதில் என் கொலுசின் திருகாணி ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது, குச்சியை விட்டுத் துழாவியும் அடி தட்டவில்லை. இதையெல்லாம் எப்படி வரைவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

படிப்பு முடிந்து சென்னையிலேயே ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கடற்கரை பங்களாக்களுக்குப் புல்தரையும் ஓட்டல்களுக்கு அல்லிக்குளமும் வரைந்துகொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தில் அம்மா பிளாட்பாரத்தில் யாரோ ஒரு பயணி வைத்திருந்த தகரப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டாள். பெருவிரல் நகம் பெயர்ந்தது. சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறுமா? மூன்று மாதம் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னதை அப்பா போனில் சொன்னபோது, என் மேசை மேல் யாரோ ஒரு பணக்காரரின் நாய் ஓடுவதற்கான புல்வெளி விரித்துக் கிடந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. விரல் எப்படியோ தப்பியது, நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை. ஆனால் புண் ஆறிய மறுநாளே அம்மா மறுபடியும் டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளை அந்தப் பிளாட்பாரத்திலிருந்து இறக்கி, நல்ல இடத்தில் நடக்க வைக்காவிட்டால் நான் படித்த படிப்பு வீண் என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வாய்ப்பு அப்பாவின் முதலாளி மூலமாக வந்தது. முன்பு தீக்குச்சி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய களம் ஊருக்குள்ளேயே சும்மா கிடந்தது. அதைப் பூங்காவாக்க அவரும் சில கடைக்காரர்களும் முடிவு செய்தார்கள். "ஒங்க மக செடி படிப்புதான படிச்சிருக்கு, அதையே வரச் சொல்லுங்க" என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் லீவு போட்டு ஓடி வந்தேன்.

வந்ததும், பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, இடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்க ஒரு கேள்வித்தாள் தயார் செய்தேன். முதல் ஆள் அம்மா. அவள் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அட்டையும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன்.

"பிளாட்பாரத்துல ஒனக்கு என்ன பிடிக்கும்?"

"நீளமா இருக்குட்டி. திரும்பித் திரும்பி நடக்க வேண்டாம்."

"நீளம்" என்று எழுதிக்கொண்டேன். "அப்புறம்?"

"அங்கன காத்து வரும். வண்டி வரும்."

"காற்று" என்று எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

அன்று சாயங்காலமே அவளோடு போய் பிளாட்பாரத்தை எட்டு வைத்து அளந்தேன். பூங்காவின் நடைபாதையை ஒரு சுற்று வந்தால் சரியாக அதே நீளம் வருகிற மாதிரி வரைந்தேன். என் அலுவலகத்தில் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

அடுத்து நான் செய்த காரியத்தை இன்றைக்கும் நினைத்தால் காது சுடும். மரக்கன்று வைக்க மூன்றடிக்கு மூன்றடி குழி, செம்மண், மணல், எரு என்று புத்தகத்தில் இருந்தது. நான் லாரி லாரியாகச் செம்மண் வரவழைத்தேன். குழி தோண்டிய பெண்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "கரிசலுக்குள்ள செம்மண்ணாக்கா?" என்றாள். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். வரைபடத்துக்கு யார் எதிர்ப்பேச்சு பேசுவார்கள்? கன்றுகளை நட்டுவிட்டு, பாதைக்கு சிமெண்டும் போடச் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ஒன் குழியெல்லாம் தொட்டியாட்டம் நிக்குது. செடி முங்கிக் கெடக்கு. எல்லாரும் வந்து வேடிக்கை பாத்துட்டுப் போறாவ."

வந்து ஒரு கன்றைப் பிடுங்கினேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேர் கூழாகி நாறியது. கரிசல் மண் நனைந்தால் உப்பி இறுகிக்கொள்ளும், ஒரு சொட்டைக் கீழே விடாது. அதற்கு நடுவில் பொலபொலவென்று செம்மண்ணைப் போட்டால், சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் அதில் வந்து இறங்கித் தேங்கிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயதில் மழைக்குப் பிறகு காட்டில் தோண்டின குழியில் ஒரு வாரம் காகிதக் கப்பல் விட்டவள்தானே நான். சென்னைக்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். சிமெண்ட் பாதையும் அடுத்த கோடையில் மண் வெடித்ததோடு சேர்ந்து வெடித்தது.

மறுபடியும் ஆரம்பித்தோம். செம்மண்ணை எடுத்துவிட்டு, தோண்டின கரிசலையே திரும்பப் போட்டு, மேடு கட்டி அதன் மேல் நட்டோம். வேம்பு, புங்கை, பூவரசு, வாகை. பாதைக்கு வெறும் சரள் மண், உப்பினால் உப்பட்டும், வெடித்தால் வெடிக்கட்டும் என்று. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் ஆபீசில் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மூன்றாவது வருடம் வேம்பு தலைக்கு மேல் நிழல் கொடுத்தது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். "எங்க போறிய மதினி?" என்றால் "பார்க்குக்கு" என்று ஒரே வார்த்தையில் பதில். வெங்காயம் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எதிர்வீட்டுக்காரியே அம்மாவோடு நடந்தாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷம் எந்த வேலையும் தந்ததில்லை.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா பேச்சுவாக்கில் உளறிவிட்டார். அம்மா சாயங்காலம் திரும்பவும் ஸ்டேஷனுக்குத்தான் போகிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல. அன்று முழுவதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சென்னைக்குக் கிளம்புகிற அன்று, வழக்கம்போல அவளே என்னை வண்டியேற்ற வந்தாள். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே கேட்டேன்.

"நிழல் போதலையா? சரள் காலக் குத்துதா? என்ன கொறைன்னு சொல்லும்மா, மாத்தித் தாரேன்."

"ஒரு கொறையும் இல்லட்டி. காலையில அங்கனதான் நடக்குதேன். எவ்வளவு நல்லா இருக்கு."

"அப்ப சாயங்காலம் மட்டும் எதுக்கு இங்கன? மறுபடியும் கால்ல அடிபடவா?"

தூரத்தில் சென்னை வண்டியின் விளக்கு தெரிந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வண்டி வந்து நிற்கிற சத்தத்தில்தான் பேசினாள், மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

"மொதமொத நீ காலேஜுக்குப் போனது இந்த வண்டியிலதான. இது கெளம்பிப் போறதப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா, நீ இப்பத்தான் போன மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ளயே இருந்தா, நீ போயி எத்தன வருசமாச்சுன்னு தெரிஞ்சுபோவுதுட்டி."

அவள் அன்று கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், வண்டி வரும் என்று. பூங்காவில் வைக்க முடியாத பொருள் என்று நான் அதை எழுதவே இல்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கம்பியின் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வண்டி இழுக்கிற வரைக்கும்.

வண்டி நகர்ந்தது. அம்மா கையாட்டவில்லை. நகமில்லாத அந்த விரலை மெதுவாகப் பார்த்து வைத்து, வண்டியோடு கூடவே நடந்து வந்தாள், பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடம் வரைக்கும். பிறகு திரும்பி, மீதி நடையை நடக்க ஆரம்பித்தாள்.