கயிற்றின் மறுமுனை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. எங்கள் ஊரில், பட்டப்பகலில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்திக்கு நடந்தது.

ஸ்வாவா இதை என்னிடம் சொன்ன அன்று, ஊர் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு முங்கி உட்கார்ந்திருந்தோம். ஐஸ்லாந்தில் வம்பு பேசவும் ரகசியம் பேசவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. தோல் சிவக்கிற சூடு. அப்படியும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. அதைப் பார்த்த பிறகு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஸ்வாவாவும் அவள் கணவன் கெய்ரும் புகைப்படம் எடுப்பவர்கள். ஹோஃப்ன் என்கிற எங்கள் துறைமுக ஊருக்குப் பின்னால் மலையிலிருந்து பனியாறுகள் வழிந்து இறங்கும். அந்தப் பனி, அதன் குகைகள், அடியில்லாத நீலப் பிளவுகள், இவைதான் அவர்கள் பிழைப்பு. மூன்றாவதாக ஈவார் என்று ஒருவன் கூட இருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கெய்ரின் கூட்டாளி. சரியான வாயாடி. "கெய்ர் செத்து சொர்க்கத்துக்குப் போனாலும், வெளிச்சம் சரியில்லைன்னு திரும்பி வந்துருவான்" என்பான். ஊரே சிரிக்கும். கெய்ர் மட்டும் சிரிக்க மாட்டான்.

அந்த ஈவார்தான் அக்டோபர் மாதம் பனியாற்றில் போய்விட்டான்.

ஸ்வாவா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். ஆண்கள் இருவர் மட்டும் போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். "விளிம்புல நின்னான். காலடியில பனி உடைஞ்சுது. கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை" என்றான் கெய்ர். மீட்புப் படை மேலே ஏறியது. கெய்ர் காட்டிய பிளவில் தேடியது. அதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி மூடிவிட்டது.

விழுவதற்குச் சற்று முன் ஈவாரைக் கெய்ர் ஒரு படம் எடுத்திருந்தான். நீலப் பிளவின் விளிம்பில், கையை விரித்து, வாய்விட்டுச் சிரிக்கிற ஈவார். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. பரிசு வாங்கியது. விமான நிலையத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். பரிசு மேடையில் கெய்ர் அழுதான். வீட்டுக்கு வந்ததும் படத்தின் நிறம் விமான நிலையத்தில் மங்கலாகத் தெரிகிறதென்று சண்டை பிடித்தான்.

ஸ்வாவா அன்றைக்கே மனசுக்குள் ஏதோ ஒன்றை மூடி வைத்துவிட்டாள். ஆனாலும் அவனை விட்டுப் போகவில்லை. ஒரே வீடு, ஒரே வண்டி, ஒரே தொழில்.

மார்ச்சில் அதே பனியாற்றுக்கு மறுபடி போனார்கள். அந்தப் படத்தோடு சேர்த்து ஒரு புத்தகம் போடப் பதிப்பாளர் ஒருவர் வந்திருந்தார். இன்னும் படங்கள் வேண்டும்.

கருங்கல் சரளை கொட்டிக் கிடக்கிற பொட்டலில் வண்டியை நிறுத்தினார்கள். காலணியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறினார்கள். இடுப்போடு இடுப்பாகக் கயிறு, முனையில் பூட்டுக் கொக்கி. எடை குறைந்தவள் என்பதால் ஸ்வாவா முன்னால். கெய்ர் பின்னால், இருபது அடி தள்ளி.

மேலே போய்ச் சேர்ந்ததும் வெயில் வந்தது. பனிக்குள் விளக்கு ஏற்றியது போல நீலம்.

"நில்லு. ஒரு படம்," என்றான் கெய்ர்.

"கயிறு இழுக்குது. கிட்ட வா."

"சும்மா நில்லுன்னா நில்லேன். எப்பப் பாரு ஒரு பேச்சு."

நின்றாள். அவளும் தன் கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஒரு பனி மேட்டைப் பிடித்து முடிப்பதற்குள் கண்ணாடிக்குள் எல்லாம் வெளுத்துவிட்டது. லென்ஸில் ஆவி படிந்துவிட்டதோ என்று துடைத்தாள். ஆவி இல்லை. மூடுபனி.

நீட்டிய கை தெரியவில்லை. காலுக்குக் கீழே தரை தெரியவில்லை. இருட்டில் பயம் வருவது சகஜம். அந்த வெள்ளையில் வருகிற பயம் வேறு மாதிரி. மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.

"கெய்ர்?"



கயிறு ஒரு இழு இழுத்தது. 'நட' என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அடையாளம் அதுதான். அப்பாடா என்று ஸ்வாவா நடக்கத் தொடங்கினாள். இறங்குமுகமாக, ஒவ்வோர் அடியையும் ஊன்றிப் பார்த்து.

பின்னால் அவன் வருகிற சத்தம் கேட்டது.

சரக்... ஸ்ர்ர்ர்... சரக்... ஸ்ர்ர்ர்...

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு காலிலும் முள் கட்டியவன் நடந்தால் சரக், சரக் என்று கேட்க வேண்டும். இது ஒரு கால் ஊன்றுகிறது. இன்னொரு கால் இழுபடுகிறது.

"கெய்ர், விழுந்துட்டியா? கால்ல என்ன?"

"முடியல... மெதுவாப் போ..."

தொண்டை கட்டிய குரல். கத்திக் கத்திக் கரகரத்துப் போன குரல். குளிரில் யாருக்கும் குரல் மாறும் என்று நினைத்துக்கொண்டாள். கெய்ர் எதற்காகவும் 'முடியல' என்று சொல்கிற ஆள் இல்லை. அதையும் நினைத்தாள். நினைத்து, ஒதுக்கினாள்.

"நான் அங்க வரட்டுமா?"

"வேணாம்... போ..."

நடந்தாள்.

வெள்ளைக்குள் வழி கிளைத்தது போலத் தெரிந்தது. வலது பக்கம் சமதளமாக இருந்தது. அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தாள்.

கயிறு சுண்டி இழுத்தது. மல்லாக்க விழுந்தாள். இடுப்பெலும்பு நொறுங்கியது போல வலி. திட்ட வாயைத் திறந்தவள், கால் வைத்த இடத்தைப் பார்த்தாள். பனி மெல்லச் சரிந்து உள்ளே போனது. கீழே நீலம். அதற்குக் கீழே கறுப்பு. சரிந்த பனி அடியில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

"கெய்ர்..." அழுகை வந்துவிட்டது. "பார்த்தியா? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இடது பக்கம் போ..."

அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. அதனாலேயே அது கெய்ர்தான் என்று நம்பினாளாம். இதைச் சொல்லும்போது ஸ்வாவா சிரித்தாள். பார்க்கவே கசப்பாக இருந்தது அந்தச் சிரிப்பு.

சரக்... ஸ்ர்ர்ர்... சரக்... ஸ்ர்ர்ர்...

எவ்வளவு நேரம் நடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கயிறு மட்டும் தெரியும். அவள் இடுப்பிலிருந்து கிளம்பி, வெள்ளைக்குள் போய் மறையும். விறைப்பாக. மறுமுனையில் ஓர் ஆள் கனம்.

காலடியில் கல் நெரிந்தது. சரளைக்கல். பனியாறு முடிந்து நிலம் வந்துவிட்டது.

"வந்துட்டோம்! கெய்ர், வந்துட்டோம்!"

பின்னால் சத்தம் நின்றது.

கயிற்றை இழுத்தாள். வரவில்லை.

"வாயேன். என்ன, உக்காந்துட்டியா?"

மூச்சு வாங்கும் ஒலி. நனைந்த மூச்சு.

"வண்டி..." என்றது குரல்.

"ஆமா, வண்டி இங்கதான். எழுந்திரு."

"வண்டி கிளம்புது..."

ஸ்வாவா காதைத் தீட்டிக் கேட்டாள். வண்டி கிளம்புகிற சத்தம் எதுவும் இல்லை.

"யாரு வண்டி? நம்ம ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்?"

"வண்டி கிளம்புது... கூப்பிடு... அவனைக் கூப்பிடு..."

கெஞ்சல்.

கயிறு தளர்ந்தது.

இழுத்தாள். வந்தது.

லேசாக... லேசாக...

முனை வந்தது.

கொக்கி மட்டும்.

பூட்டிய கொக்கி. அதைச் சுற்றி விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. பல மாதம் பனிக்குள் கிடந்தது போல.

ஆள் இல்லை.

ஓடினாள்.

மூடுபனிக்குள் வண்டியின் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளே கெய்ர் உட்கார்ந்திருந்தான். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேமராத் திரையில் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கென்று கட்டி எடுத்து வந்த, புகையில் வாட்டிய ஆட்டுக்கறி ரொட்டியையும் தின்று முடித்திருந்தான். காகிதம் டாஷ்போர்டின் மேல் கசங்கிக் கிடந்தது.

"வந்துட்டியா," என்றான்.



"நீ... எப்ப வந்தே?"

"ரொம்ப நேரமாச்சு. படம் எடுக்கக் கொக்கியைக் கழட்டினேன். மூடுபனி வந்துடுச்சு. உன்னைக் காணோம். சரி, இறங்கிட்டேன்."

"என்னை விட்டுட்டு."

"நீ என்ன சின்னக் குழந்தையா?"

"மீட்புப் படையைக் கூப்பிட்டியா?"

"எதுக்கு? அதான் வந்துட்டியே."

"வரலைன்னா?"

கெய்ர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் படத்தைப் பாரு. நீலம் எப்படி விழுந்திருக்குன்னு பாரு."

அவள் பார்க்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். காய்ந்த கைகள். சூடான கைகள். அந்தக் குரலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அன்று முதல் பக்கத்து அறையில் படுத்தாள். கெய்ர் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூனில் பனி உருகியது.

மீட்புப் படையின் தலைவி ஹால்தோரா ஸ்வாவாவைத் தேடி, அவள் வேலையாகப் போயிருந்த கேமராக் கடைக்கே வந்தாள். மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கிறவள், ஆண்களைப் போல உரக்கப் பேசுகிறவள். அன்று குரலே எழும்பவில்லை.

"ஈவார் கிடைச்சுட்டான், ஸ்வாவா. ஊர்ல சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"பிளவுக்குள்ளேயா?"

"இல்லை." ஹால்தோரா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினாள். "கீழ. பனி முடியுற இடத்துல. வண்டி நிறுத்துற பொட்டலுக்கு மேலேயே ஒரு பாறை இருக்குல்ல, அதுல சாய்ஞ்சு உக்காந்திருந்தான். ஒரு தொடை முறிஞ்சிருக்கு. ஒரு கால்லதான் முள் இருந்துச்சு. முறிஞ்ச கால வச்சுக்கிட்டே பிளவுலேருந்து ஏறி, அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கான். விழுந்ததுல சாகலைன்னு டாக்டர் சொல்றாரு. குளிர்ல செத்திருக்கான்."



"நாங்க எல்லாரும் மேல தேடினோம்," என்றாள் ஹால்தோரா. "கெய்ர் மேலதானே கையைக் காட்டினான். எங்க வண்டிங்க நின்ன இடத்துலேருந்து கூப்பிடு தூரம், ஸ்வாவா. பனி மூடிக் கிடந்திருக்கான்... எனக்கு மனசு ஆறலை. நேத்து நானே போய் அவன் உக்காந்திருந்த மாதிரியே உக்காந்து பார்த்தேன். பையன் ஒருத்தனை விட்டுக் கீழ வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பக்கத்துல நின்னு கேக்குற மாதிரி கேக்குது. அவ்வளவு தெளிவா."

வண்டி கிளம்புகிறது என்று அந்தக் குரல் சொன்னதைப் பற்றி ஸ்வாவா அதுவரை ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஈவாரின் அந்தப் படத்தை எடுத்த நேரம் கேமராவில் பதிந்திருந்தது, நண்பகல். கெய்ர் உதவி கேட்டுக் கூப்பிட்டது இருட்டிய பிறகு. நடுவில் அத்தனை நேரம் என்ன செய்தான் என்று அப்போதே கேட்டிருந்தார்கள். மூடுபனியில் வழி தெரியாமல் அலைந்தேன் என்று சொல்லியிருந்தான். உடல் கிடைத்த பிறகு போலீஸும் கேட்டது. அதே பதில். எதையும் நிரூபிக்க முடியவில்லை. விமான நிலையத்துச் சுவரில் ஈவார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அன்று ஹால்தோரா போனதும் ஸ்வாவா நேராக வீட்டுக்கு வந்தாள். கெய்ர் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். ஊரில் இன்னும் யாருக்கும் செய்தி தெரியாது. ஸ்வாவா கதவருகே நின்றபடி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"ஈவார் கிடைச்சுட்டானாம்."

கெய்ர் ஊற்றுவதை நிறுத்தினான். காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தான். திரும்பவில்லை.

"அந்தப் பாறைகிட்டயா?" என்று கேட்டான்.